நீர்மூழ்கிக்கு ஒரு கட்டில்

"அப்பா, இது வயித்துவலி மருந்து கலர்," என்றாள் மகள். அறைக்குள் காலெடுத்து வைக்காமல் நிலைப்படியிலேயே நின்றுகொண்டு சொன்னாள்.

காது சார் சுவரைப் பார்த்தார். பெயிண்ட் கடை அட்டையில் நகத்தளவு இருந்தபோது இந்த நிறத்துக்கு 'விடியற்காலை ரோஜா' என்று பெயர். நாலு சுவரிலும் ஏறி உட்கார்ந்த பிறகு, குலுக்கிவிட்டுக் குடிக்கச் சொல்லும் அந்தப் பாட்டில் மருந்தேதான். மகள் சொல்லும்வரை அவருக்கு அது தெரியவில்லை. சொன்ன பிறகு வேறெதுவாகவும் தெரியவில்லை.

"காஞ்சா மாறும் சார்," என்றார் பெயிண்டர், பிரஷ்ஷைக் கழுவியபடி. தொழிலில் அவர் உருப்படியாகக் கற்றுக்கொண்ட வாக்கியம் அது ஒன்றுதான். எந்த வீட்டில் என்ன கேட்டாலும் அதைச் சொல்லிவிட்டு ஏணியை மடக்கிவிடுவார்.

காய்ந்தது. மருந்து இன்னும் கொஞ்சம் கெட்டியானது.

காது சார் வேலை பார்ப்பது மின்விசிறித் தொழிற்சாலையில். தயாராகி வரும் விசிறியை ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டாரில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்பார். உள்ளே பேரிங் லேசாக முனகினாலும் விசிறி ஃபெயில். யாரோ கேலிக்கு வைத்த அந்தப் பெயரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். "என் காதுக்குத் தப்பி ஒரு சத்தம் போயிட முடியாது," என்று சொல்லாமல் அவர் டீ குடித்ததில்லை. கூட வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு சந்தேகம் உண்டு. ஊரிலுள்ள சத்தமெல்லாம் அந்தக் காதுக்குள் போகிறது, சொந்த வாயிலிருந்து வருவது மட்டும் போனதாகத் தெரியவில்லையே என்று.

மகளுக்குத் தனி அறை அமைப்பதற்குக் காரணம் பாசம் என்று அவர் தொழிற்சாலையில் சொல்லிக்கொண்டார். உண்மையான காரணம் ஹாலில் கிடந்த சோபா.

மகளுக்கு எட்டு வயதாகியும் அம்மாவைக் கட்டிக்கொண்டுதான் தூக்கம் வரும். "பாப்பா புரண்டு புரண்டு உதைக்கறா. உங்க தூக்கம்தான் கெடுது. கொஞ்ச நாளைக்கு சோபாவுல படுத்துக்கோங்களேன்," என்று மனைவி ஒருநாள் கரிசனமாகச் சொன்னாள். அந்தக் கொஞ்ச நாள் பழைய காலண்டரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. காது சார் இன்னும் சோபாவில்தான் இருந்தார். சோபா அவரைவிடக் குட்டை. தலையைச் சரியாக வைத்தால் கால் கைப்பிடிக்கு மேல் ஏறி, துவைத்துப் போட்ட துணி மாதிரித் தொங்கும். காலைச் சரியாக வைத்தால் கழுத்து மடங்கும். தொழிற்சாலையில் அவர் தலையைச் சாய்த்து விசிறியைக் கேட்பது கழுத்துப் பிடிப்பால் என்பது பலருக்குத் தெரியாது.

தன் கட்டிலில், மனைவிக்குப் பக்கத்தில், ஜன்னலோரமாக இருந்த தன் பாதி அவருக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் அவருடைய லட்சியம். மகள் தனி அறைக்குப் போனால்தான் அது நடக்கும். வீட்டில் சாமான் போட்டுவைத்த பின்னறை ஒன்று இருந்தது.

யோசனை அவருடையதுதான். சாப்பாட்டு நேரத்தில் மனைவி தன் அக்கா வீட்டுப் படங்களை மொபைலில் காட்டினாள். மறுநாள் பல் தேய்க்கும்போது அவருக்கே தோன்றிவிட்டது.

அந்தப் படங்களில் இருந்தது சகலையின் மகள் அறை. தீம், காடு. சுவரெல்லாம் மரம், மெத்தை விரிப்பில் புலி, கதவுக்குப் பின்னால் ஒட்டகச்சிவிங்கி. கழுத்து கூரையில் இடித்துவிடும் என்று பாதியில் மடக்கி வரைந்திருந்ததால், அது எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல நின்றது. ஆனாலும் சகலையின் மகள் அந்த அறையில் தனியாகத் தூங்குகிறாள். அதைச் சகலை ஒரு விருது மாதிரிச் சொல்லிக்கொண்டார்.

"வெறும் பெயிண்ட் அடிச்சு வச்சா அது ரூம் இல்ல சகலை, கோடவுன். ஒரு தீம் இருக்கணும்," என்று போனில் பாடம் எடுத்தார்.

காது சார் உடனே தேவதைக் கோட்டை என்று முடிவெடுத்தார். யாரையும் கேட்கவில்லை. பெண் குழந்தை என்றால் தேவதை, தேவதை என்றால் ரோஸ். இதில் கேட்க என்ன இருக்கிறது. அப்படி வந்ததுதான் இந்த மருந்து.

இப்போது அதை மறைக்க வேண்டும். வெள்ளி நட்சத்திர ஸ்டிக்கர்கள் வாங்கிவந்து சுவர் முழுக்க ஒட்டினார். காலையில் நட்சத்திரங்கள் தரையில் கிடந்தன. விழுந்தவை சும்மா விழவில்லை, ஒட்டியிருந்த இடத்துப் பெயிண்டையும் உரித்துக்கொண்டு விழுந்திருந்தன. கோட்டைக்கு அம்மை போட்டது மாதிரி ஆகிவிட்டது. அந்த வடுக்களின் மேல் காகிதப் பட்டாம்பூச்சிகளை ஒட்டினார். பசை ஊறி ஒவ்வொரு பூச்சியைச் சுற்றியும் மஞ்சள் வட்டம் படர்ந்தது. அம்மையோடு காமாலையும் சேர்ந்துகொண்டது.

"அவகிட்டயே கேட்டிருக்கலாம், என்ன தீம் வேணும்னு," என்றாள் மனைவி.

"சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்?"

"கேட்டுத்தான் பாருங்களேன்."

மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீர்மூழ்கிக் கப்பல்," என்றாள் மகள்.

காது சாருக்குப் புல்லரித்தது. காடாவது யாரும் யோசிக்கக்கூடியது. நீர்மூழ்கிக் கப்பல் என்று ஒரு எட்டு வயதுப் பெண் சொல்ல வேண்டுமென்றால் அந்த மூளை அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் அன்று அவருடைய பெஞ்சில் விசிறிகள் கேட்பாரற்றுச் சுழன்றன. வந்தவர் போனவரிடமெல்லாம் நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிப் பேசினார். அதுவரை தனக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது என்பது அவர் பேச்சுக்குத் தடையாக இருக்கவில்லை.

சகலைக்கும் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சகலை கப்பலெல்லாம்?" என்று வந்தது. காது சார் போனை வைத்துவிட்டு நிம்மதியாகச் சிரித்தார்.

பெயிண்டர் திரும்பி வந்தார். மருந்துக்கு மேல் கடல்நீலச் சாம்பல் ஏறியது. தச்சரும் வந்தார். அதிகம் பேசாத மனிதர். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டுப் போகிறவர். ஜன்னலைப் பலகையால் மூடி நடுவில் வட்டமாக ஒரு கண்ணாடி வைக்கச் சொன்னார் காது சார். நீர்மூழ்கியில் சதுர ஜன்னலா இருக்கும்? தச்சர் வைத்தார். காற்று நின்றது. அறை சோற்றுப் பானையாக வெந்தது.

அதற்குத்தான் அவரே இருக்கிறாரே. தான் காது வைத்துக் கேட்டுப் பாஸ் போட்ட விசிறி ஒன்றைத் தொழிற்சாலையிலிருந்து வாங்கிவந்து தன் கையாலேயே மாட்டினார். பக்கத்தில், கூரையிலிருந்து தொங்கும்படி, தண்ணீர்க் குழாயை வளைத்துச் செய்த பெரிஸ்கோப் ஒன்றையும் மாட்டினார். விசிறியின் இறக்கை எவ்வளவு தூரம் சுற்றும் என்பதைத் தினமும் பார்க்கிற மனிதர், அன்று பார்க்கவில்லை. சுவிட்சைத் தட்டியதும் இறக்கை பெரிஸ்கோப்பை ஓங்கி அறைந்தது. பெரிஸ்கோப் பறந்துபோய்ச் சுவரில் பள்ளம் பறித்தது. பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்கி, தன் மண்டை இருந்த இடத்தையும் பள்ளம் விழுந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காஞ்சா மாறாது சார் இது," என்றார். முதல் முறையாக வேறு வாக்கியம் சொன்னார்.

பள்ளத்தை எதைக்கொண்டு மூடுவது என்று காது சார் குழம்பி நின்றபோது, மகள்தான் வழி சொன்னாள். விசிறிகளைப் பெட்டியில் வைத்து அடைக்கிறார்களே, அந்தக் கனமான பஞ்சு ஷீட்டைச் சுவர் முழுக்க ஒட்டிவிடலாமாம்.

"முழுக்கவா? எதுக்கும்மா?"

"நீர்மூழ்கிக் கப்பல்ல சத்தம் வெளிய போகக் கூடாதுப்பா. எதிரி கேட்டுட்டா?"

"கதவுக்கும் ஓரத்துல ரப்பர் வைக்கணும்," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"உனக்கெப்படித் தெரியும்?"

"தண்ணி உள்ள வந்துடாதா?" என்றாள் மனைவி.

ஒரே வீட்டில் இத்தனை அறிவு எப்படி வந்து சேர்ந்தது என்று காது சார் வியந்தார். அதற்கும் தன்னையே காரணமாகச் சொல்லிக்கொண்டார்.

இதற்கு நடுவில் அவருக்கு இன்னொரு தலைவலி இருந்தது. கீழ் வீட்டில் இருக்கும் ரிட்டயர்டு மனிதர், ராத்திரியெல்லாம் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, கண்ணை மூட முடியவில்லை என்று புலம்புவார். சத்தம் என்று வந்த பிறகு காது சார் சும்மா இருப்பாரா. ஸ்க்ரூடிரைவரோடு போய் மோட்டாரைக் கேட்டார். பேரிங் போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னார். பேரிங்கை மாற்றினார்கள். சத்தம் நிற்கவில்லை. மோட்டாரையே மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். நிற்கவில்லை. ஒருமுறை கீழ் வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் ராத்திரியில் வந்து இவர் வீட்டுக் கதவைத் தட்டி, இப்பவே வந்து கேளுங்கள் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இவர் போய் நின்றதும் சத்தம் இல்லை.

"என்னைப் பார்த்தா மோட்டாருக்கே பயம்," என்று காது சார் தொழிற்சாலையில் பெருமையடித்துக்கொண்டார்.

பஞ்சு ஷீட்டுகள் வந்தன. பெயிண்டர் இனி ஒட்ட மாட்டேன் என்று கும்பிடு போட்டுவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை காலையில் காது சாரே பசை தடவி ஒட்டினார். அந்தக் களைப்பில் மத்தியானம் சோபாவில் அசந்துவிட்டார். எழுந்தபோது கால் கட்டைவிரலில் சிவப்பு உல்லன் நூல் துண்டு ஒன்று சுற்றியிருந்தது. வீட்டில் எங்கே பார்த்தாலும் நூலும் காகிதமும் பசையுமாகக் கிடந்த நேரம். உதறிவிட்டு முகம் கழுவப் போனார். சாயங்காலம் சகலை வருகிறார். நேரில் பார்த்து வயிறெரியட்டும் என்று இவரே கூப்பிட்டிருந்தார்.

சகலை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். காது சார் அவரை உள்ளே கூட்டிப்போய், நாடகத்தில் திரை இழுப்பதுபோலக் கதவைச் சாத்தினார். ரப்பர் வைத்த கதவு 'புஸ்' என்ற பெருமூச்சோடு மூடிக்கொண்டது. அடுத்த நிமிடம் இருவருக்கும் புரிந்தது. தச்சர் அன்றுவரை வெளிப்பக்கக் கைப்பிடியை மட்டும்தான் வைத்திருந்தார்.

"திறங்க சகலை."

"திறக்கத்தான் பார்க்கறேன்."

"காட்டுல இந்தப் பிரச்சினையெல்லாம் இல்ல," என்றார் சகலை.

காது சார் கதவைத் தட்டினார். பஞ்சு தட்டலை விழுங்கியது. மனைவி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு மகளை. பிறகு இருவரும் சேர்ந்து கத்தினார்கள். சகலை ஒரு காலத்தில் மேடை நாடகத்தில் ராஜாவாக நடித்தவர், அவருக்குக் குரல்வளம் உண்டு. அவர் கத்திய கத்தலில் வட்டக் கண்ணாடி அதிர்ந்ததே தவிர, வெளியிலிருந்து ஒருவரும் வரவில்லை. வேர்த்துக் கொட்டியது. விசிறியைப் போட்டார்கள். அடிபட்ட இறக்கையோடு அது நொண்டி நொண்டிச் சுற்றியது. சகலை களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தார். பஞ்சில் ஊறியிருந்த பசை இன்னும் காயவில்லை, சாய்ந்தவரால் திரும்பி வர முடியவில்லை. பலம்கொண்ட மட்டும் இழுத்தபோது பஞ்சு ஷீட் ஒன்று அப்படியே பெயர்ந்து, கனமான சிறகு மாதிரி அவர் முதுகோடு வந்துவிட்டது.

கடைசியில் மனைவி காப்பியோடு கதவைத் திறந்தாள்.

"எவ்வளவு நேரமா கத்தறோம். காது கேக்கலயா?" என்று காது சார் சீறினார்.

"நிஜமாவே கத்தினீங்களா?"

"தொண்ட கிழியக் கத்தினோம்மா," என்றார் சகலை, சிறகோடு திரும்பி.

மனைவியும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் ஏதோ மலர்ந்ததுபோல இருந்தது. இரண்டு பேர் உள்ளே மூச்சுமுட்டிக் கிடந்திருக்கிறார்களே என்ற பதற்றமாக இருக்கும் என்று காது சார் நினைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமே கேக்கலப்பா," என்றாள் மகள். "டிவிய நிறுத்திட்டுக்கூடக் கேட்டுப் பார்த்தோம்."

சகலை காப்பியைக் குடிக்காமலே புறப்பட்டார். சட்டையைக் கழற்ற முடியாததால் சிறகோடுதான் போக வேண்டியிருந்தது. தெருமுனை திரும்பும்வரை காது சார் ஜன்னலில் நின்று பார்த்தார். இத்தனை கூத்திலும் அது ஒன்று அவருக்கு ஆறுதல்.

ஆறுதல் கட்டில் வரும்வரைதான். தச்சரும் அவருடைய ஆளும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். நுழைந்தார்கள், நுழைந்தார்கள், கட்டில் முடியவே இல்லை. ஆறடிக்கு மேல் நீளம். போட்ட பிறகு அறையில் அலமாரிக்கு இடமில்லை.

"எட்டு வயசுப் புள்ளைக்கு எதுக்கய்யா இவ்வளவு நீளம்? அவ என்ன கட்டில்ல ஓட்டப்பந்தயமா ஓடப்போறா?" என்று காது சார் கத்தினார்.

"வீட்டுல குடுத்த அளவு சார்," என்றார் தச்சர்.

"வளர்ற பொண்ணுதானேங்க. வருஷா வருஷம் கட்டில் செய்வோமா?" என்றாள் மனைவி.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அலமாரியை ஹாலுக்குத் தள்ளினார்கள். ஹாலில் அலமாரி வந்து நின்றதும் நடக்க வழியில்லை. ஏதாவது ஒன்று வெளியே போக வேண்டும். மனைவி சுற்றிலும் பார்த்துவிட்டுச் சோபாவைக் காட்டினாள்.

"இனிமே இது எதுக்கு? நீங்கதான் உள்ள வந்துடப்போறீங்களே."

காது சாருக்கு நெஞ்சு குளிர்ந்தது. எத்தனையோ நாள் கழித்து மனைவி சொன்ன இனிமையான வார்த்தை அது. தன் கழுத்தைக் கோணலாக்கிய சோபாவைத் தானே ஒரு பக்கம் பிடித்து, படியில் இறக்கி, தச்சரின் வண்டியில் ஏற்றிவிட்டார். வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் தர வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். வண்டி நகர்ந்தபோது கையைக்கூட ஆட்டினார். தச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்து, காதிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வண்டியோடு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே காது சார் தன் தலையணையைத் தட்டிச் சரிசெய்து, படுக்கையறையில் ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தார். பிறகு மகளைக் கைப்பிடித்து நீர்மூழ்கிக்குள் அழைத்துப் போனார். நீல விளக்கு எரிந்தது. வட்டக் கண்ணாடியில் காகித மீன் ஒன்று நீந்தியது. பஞ்சுச் சுவர் மெத்தென்று இருந்தது. மகள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்காராமல் நின்றாள்.

"டெஸ்ட் பண்ணியாச்சாப்பா?"

"என்ன டெஸ்ட்?"

"ஃபேன் எல்லாம் டெஸ்ட் பண்ணித்தானே வெளிய அனுப்புவீங்க. இத யாருமே டெஸ்ட் பண்ணலயே. நீங்க ஒரு நாள் படுத்துப் பார்த்துட்டுப் பாஸ் போட்டாத்தான் நான் படுப்பேன்."

வேறு எந்தக் காரணம் சொல்லியிருந்தாலும் காது சார் மசிந்திருக்க மாட்டார். அழுதிருந்தால் அதட்டியிருப்பார். பயமாக இருக்கிறது என்றிருந்தால் சகலையின் மகளை உதாரணம் காட்டியிருப்பார். ஆனால் பரிசோதனை என்று வந்துவிட்ட பிறகு, ஓட்டிப் பார்க்காமல் ஒரு சரக்கை வெளியே விடு என்று சொல்ல அவருக்கே வாய் வரவில்லை. தன்னுடைய ஒழுங்கு குழந்தையின் ரத்தத்தில் ஓடுகிறதே என்று கண் கலங்கியது. ஜன்னலோரத் தலையணையை எடுத்துவர அவர் திரும்பியபோது, மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

"கதவச் சாத்திக்கவா?" என்றாள். உள்பக்கக் கைப்பிடியைத் தச்சர் வைத்துவிட்டார் என்பதால் அவரும் தலையாட்டினார். கதவு பெருமூச்சு விட்டு மூடிக்கொண்டது.

கால் எங்கும் தொங்கவில்லை. கழுத்து எங்கும் மடங்கவில்லை. காது சார் அப்படி ஒரு தூக்கம் தூங்கி நாளாகியிருந்தது.

காலையில் எழுந்து வந்தபோது வீடே புதிதாகத் துடைத்து வைத்ததுபோல இருந்தது. மனைவி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்குக் கீழிருந்த கருவளையம் வெளுத்திருந்தது. மகள் யாரும் எழுப்பாமல் எழுந்து, தலைகூட வாரியிருந்தாள்.

"பாஸ்," என்று அறிவித்தார் காது சார். "இன்னிக்கு நீ படு."

"ஒரு நாள் ஓடினா போதுமாப்பா? தொடர்ந்து ஓடணும்னு சொல்வீங்களே," என்றாள் மகள், பையை மாட்டிக்கொண்டே.

அதற்கு அவர் பதில் யோசிப்பதற்குள் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். வந்தவர் காது சாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நேற்று ராத்திரி மோட்டார் சத்தம் சுத்தமாக இல்லையாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நேற்றுத்தான் நிஜமான ஓய்வாம். என்ன மாயம் செய்தீர்கள் என்று கேட்டார்.

காது சார் மோட்டாரை அந்த வாரம் முழுக்கத் தொடவே இல்லை. ஆனால் வருகிற பாராட்டைத் திருப்பி அனுப்பும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"சத்தம்னா அதோட மூலத்தக் கண்டுபிடிக்கணும். அதான் விஷயம்," என்றார்.

சமையலறையில் தோசைக்கல் தேய்க்கும் ஓசை ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

கீழ் வீட்டுக்காரர் இறங்கிப் போகும்போது தச்சர் ஏறி வந்தார். கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் ஒரு ஆணி மிச்சமிருக்கிறதாம். அறைக்குள் போய் ஆணியை அடித்துவிட்டு, கசங்கிக் கிடந்த விரிப்பையும் பெரிய தலையணையையும் பார்த்தார்.

"நீளம் சரியா இருந்துச்சா சார்? கால் இடிக்கலயே?"

"எனக்குச் சரியாத்தான் இருந்துச்சு. நான் ஒரு டெஸ்டுக்குப் படுத்தேன். படுக்கப்போறது என் பொண்ணு," என்றார் காது சார். "அதான் கேக்கறேன், அவளுக்குப் போய் யாருய்யா இந்த அளவு குடுத்தது?"

தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து சுருட்டி வைத்த சிவப்பு உல்லன் நூல் ஒன்றை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பாப்பாதான் சார் குடுத்துச்சு. அன்னிக்கு மத்தியானம் நீங்க சோபாவுல தூங்கறப்ப தலைமாட்டுல பாப்பா ஒரு நுனியப் பிடிச்சுக்கிச்சாம், கால்மாட்டுல இன்னொரு நுனிய வீட்டம்மா பிடிச்சுக்கிட்டாங்களாம்."